மூன்றாவது ஓலையும் பாண்டரஸ் என்ற சொல்லும்

பிரேசர் டவுன், பெங்களூர் கண்டோன்மெண்ட்
23 ஜனவரி 1934

மரியாதைக்குரிய அல்போன்சா அவர்களுக்கு,

தங்கள் தபால் கார்டு இன்று காலை பதினொரு மணிக்குக் கிடைத்தது. விலாசம் நீங்கலாக அதில் ஒரே ஒரு சொல் இருந்தது. அச்சொல் இங்கிலீஷில் இருந்தது. கையொப்பம் இல்லை. ஆயினும் எழுத்தின் சாய்வைக் கொண்டு தங்களுடையது என்று அனுமானிக்கிறேன். அனுமானம் தவறாயின் திருத்தவும்.

தபால் கார்டு எவரும் படிக்கக்கூடியது. தபால்காரர் படித்திருக்கிறார். என் குமாஸ்தா வெங்கடராமன் படித்துவிட்டு, துக்கச் செய்தியைக் கொடுப்பவர் போல அதை மேஜைமேல் குப்புற வைத்தார். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி, "சார், இது பாராட்டா, வசவா?" என்று கேட்டார். ஆகவே கோர்ட்டு கலைந்ததும் வக்கீல்கள் சங்கத்து நூலகத்துக்குப் போய் அகராதியைப் பார்த்தேன்.

கார்டில் இருந்த பாண்டரஸ் (ponderous) என்ற அடைச்சொல்லுக்கு அங்கே மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது, எடை மிகுந்தது. இரண்டாவது, அந்த எடையினாலேயே திரும்ப மாட்டாமல் மெல்ல நகர்வது. சாலை போடும் உருளையை உதாரணமாகக் கொள்ளலாம். மூன்றாவது, பேச்சோ எழுத்தோ உயிரில்லாமல் இழுபடுவது. இவற்றுள் தாங்கள் எதைக் கருதினீர்கள் என்பது கார்டிலிருந்து தெளிவாகவில்லை. முதற்பொருளாயின் மறுக்கிறேன். என் தையற்காரர் சாட்சி சொல்வார்.

இனி, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் உண்மைகளை வரிசைப்படுத்துகிறேன். நம் திருமணம் இம்மாதம் 29ஆம் தேதி என்று பெரியவர்கள் நிச்சயித்தார்கள். மூன்று ஞாயிறு கோவிலில் திருமண அறிவிப்பாகிய ஓலையை வாசித்து, விக்கினம், அதாவது தடை, தெரிந்தவர் உண்டா என்று சபையைக் கேட்ட பிறகே தாலி என்பது நம் வழக்கம். இங்கே ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கியதால் மூன்று ஓலையும் முடிந்துவிட்டன. தங்கள் கோவிலில் 7ஆம் தேதி ஒன்று, 14ஆம் தேதி ஒன்று. எவரும் வாய் திறக்கவில்லை.

17ஆம் தேதி தங்கள் தகப்பனார் சில்வெஸ்டர் அவர்கள் துணி வாங்க இங்கே வந்தவர், என் வீட்டில் காப்பி அருந்தும்போது, "கல்யாணம் ஆனா இஸ்கூல் வேலையை விட்டுடுவா தம்பி, அதெல்லாம் நான் பேசிட்டேன்" என்றார். அவர் பேசிவிட்டார். தாங்கள் பேசினீர்களா என்பது எனக்குத் தெரியாது. தாங்களும் நானும் இதுவரை பேசியது மொத்தம் இருபது நிமிடம். அதுவும் நான்கு பெரியவர்களுக்கு நடுவில். ஒருவருடைய சம்மதத்தை இன்னொருவர் சொல்ல, அதை வாங்கிக்கொண்டு பீடத்தின் முன் நிற்க என் மனம் ஒப்பவில்லை. ஆகவே 19ஆம் தேதி தங்கள் கோவில் யூஜின் சுவாமியாருக்கு எழுதினேன். மணப்பெண்ணின் மனம் தெரியும்வரை மூன்றாவது ஓலையை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நான்கு பக்கம் இருந்திருக்கலாம். அவரும் நானும் மட்டும் அறியவேண்டிய கடிதம் என்று கருதியே எழுதினேன்.

வேலையை விட மனமாரச் சம்மதித்தீர்களா என்பதையும், மேற்படி சொல்லை எப்பொருளில் எழுதினீர்கள் என்பதையும் தனித்தனியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
எ. ஞானசேகரன், பி.ஏ., பி.எல்.


கோலார் தங்கவயல்
26 ஜனவரி 1934

வக்கீல் ஐயா அவர்களுக்கு,

மூன்று பொருளிலும்தான். முதல் பொருள் உட்பட. உங்கள் தையற்காரரை அலையவைக்க வேண்டாம்.

நீங்கள் உண்மைகளை வரிசைப்படுத்தியபோது ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டீர்கள். நீங்கள் அங்கே இல்லை, நான் இருந்தேன். மூன்றாவது வரிசையில், அம்மா தேய்த்துக் கொடுத்த பட்டுப்புடவையில். சுவாமியார் சுரங்கத்துப் பையன் ஒருவனுடைய ஓலையை வாசித்தார். அடுத்தது நம்முடையது என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, "இந்த ஓலையை இன்னிக்கு வாசிக்க முடியாது. விக்கினம் எழுதி வந்திருக்கு. எழுதினவர் மாப்பிள்ளை" என்றார். சபையில் ஒரு மூச்சு கிளம்பியது பாருங்கள், மெழுகுவர்த்தி அணையாதது ஆச்சரியம். பிறகு, உங்கள் பேர் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கடிதத்தையே எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். 'மேற்படி மணப்பெண்.' 'மேற்படியாளின் மனநிலை.' இரண்டாம் பக்கத்தில் தண்ணீர் குடித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அதற்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்துடன் நிறுத்திவிட்டார்.

வெளியே வந்தால் பக்கத்து வீட்டு மௌரீன் அக்கா: "ஏண்டி, பங்காளி தடை சொல்லுவான், பழைய கடுப்பு வச்சிருக்கவன் சொல்லுவான். மாப்பிள்ளையே தன் கல்யாணத்துக்குத் தடை சொல்லி நான் இப்பத்தான் பாக்குறேன்." அவர் வீட்டுக்காரர்: "வக்கீல் இல்ல? கேஸ் வரலைன்னா தன் மேலயே ஒண்ணு போட்டுக்குவாரு."

என் அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும். சுரங்க ஆபீசில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சின்னத் தராசில் தங்கத் துளி எடை பார்ப்பது. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரே துளிய மூணு வாட்டி போட்டேன், மூணு எடை வந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். அன்றைக்குத்தான் அந்தக் கார்டை எழுதினேன். தமிழில் வாய்க்கு வந்ததெல்லாம் கார்டில் எழுதக்கூடியதாக இல்லை.

நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதை என் அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை. உங்களுக்குத்தான் தோன்றியது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் மனம் தெரிய வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? சுவாமியாரையா?

இன்னொன்று. எங்கள் பள்ளிக்கூடத்து மதர் என்னைத் திருச்சிராப்பள்ளிக்கு இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார். பிப்ரவரி 5ஆம் தேதி திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். 14ஆம் தேதி விபூதிப் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரை தபசு காலம், அதில் யாருக்கும் கல்யாணம் இல்லை. 4ஆம் தேதி ஞாயிற்றுக்குள் அந்த ஓலை வாசிக்கப்படாவிட்டால் நான் மதரிடம் சரி என்று சொல்லிவிடுவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அல்போன்சா


பிரேசர் டவுன்
29 ஜனவரி 1934

அல்போன்சா அவர்களுக்கு,

இன்று நமக்குத் திருமணம் நடந்திருக்க வேண்டிய நாள். அதற்காகக் கோர்ட்டில் விடுப்பு வாங்கியிருந்தேன். விடுப்பை ரத்து செய்ய மறந்துவிட்டேன். காலையில் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல், மீண்டும் நூலகத்துக்கே போனேன். போன வாரம் பொருளை மட்டுமே பார்த்தேன். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. பெரிய அகராதி மேல் தட்டில் இருந்தது. ஏணி போட்டு எடுத்தேன். ஏணியின்மேல் நின்றபடியே படித்தேன். இறங்கத் தோன்றவில்லை.

அது லத்தீன். நாம் ஞாயிறுதோறும் பூசையில் கேட்கும் அதே லத்தீன். 'பாண்டஸ்' என்றால் எடை, எடைக்கல். அந்தப் பாண்டஸுக்கு மூலம் 'பெண்டேரே' என்ற வினை. அதற்குத் தொங்கவிடுதல் என்று பொருள். எடை நிறுத்தல் என்றும் பொருள். ஏனெனில் அக்காலத்தில் நிறுப்பதென்றால் தராசைக் கையில் தொங்கவிடுவதுதான். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் அதே வீடு. ஆங்கிலேயர் சர்க்கரை நிறுக்கும் பவுண்டு அதே வீடு. ஒருவரை வேலையிலிருந்து சஸ்பெண்டு செய்கிறோமே, அதுவும். நான் தங்கள் ஓலையைச் செய்தது அதையேதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. 'பாண்டர்' என்றொரு வினைச்சொல். மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தல், ஆழ்ந்து யோசித்தல். அதுவும் தங்கள் பாண்டரஸும் கூடப்பிறந்தவை. நான் வாழ்நாள் முழுவதும் முன்னதைச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். காண்பவர்களுக்குப் பின்னதாகத் தெரிந்திருக்கிறேன். ஒரே கல். உள்ளே வைத்தால் யோசனை, வெளியே தூக்கிக்கொண்டு நடந்தால் பாரம். இதை ஏணியிலிருந்தபடியே, கீழே அதைப் பிடித்துக்கொண்டிருந்த வெங்கடராமனிடம் சொன்னேன். அவர், "சார், முதல்ல கீழே இறங்குங்க" என்றார்.

எடைக்கல் எதற்காக இருக்கிறது? மறு தட்டில் வைத்த பொருள் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. மறு தட்டு காலியாக இருந்தால் அது வெறும் இரும்பு. நான் என் நியாயத்தை நான்கு பக்கம் ஒரு தட்டில் அடுக்கினேன். மறு தட்டில் தங்களுடைய ஒரு சொல்லைக்கூட வாங்கி வைக்கவில்லை. நான் முதலில் தங்களுக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். உரிய அதிகாரிக்கு எழுதினால் ஒழுங்கு என்று நினைத்தேன். இவ்விஷயத்தில் உரிய அதிகாரி தாங்களே.

இப்போது நேராகக் கேட்கிறேன். பள்ளிக்கூட வேலை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் இங்கே கண்டோன்மெண்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஜூன் மாதம் ஆசிரியை தேவைப்படுகிறது, விசாரித்துவிட்டேன். திருச்சிராப்பள்ளிதான் விருப்பம் என்றால் அதையும் சொல்லலாம். இரண்டு வருஷம் நான் காத்திருப்பேன். அதை எதிலும் எழுதிக் கையொப்பமிடச் சித்தமாயிருக்கிறேன்.

சுவாமியாருக்கு என் தடையைத் திரும்பப் பெறும் மனு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து பக்கம். சேர்ப்பிக்கவும்.

ஞானசேகரன்


கோலார் தங்கவயல்
1 பிப்ரவரி 1934

வக்கீல் ஐயா,

மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யூஜின் சுவாமியார் அதைத் தொடவே இல்லை. கையில் வாங்காமல், கனத்தைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு, "எழுத்துல வேண்டாம்மா. இவர் எழுதி நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும்" என்றார். சபையின் முன் வந்த தடை சபையின் முன்தான் போக வேண்டுமாம். தடை சொன்னவரே நேரில் வந்து, பூசையில் எழுந்து நின்று, வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் மூன்றாவது ஓலையை அங்கேயே வாசிப்பார். ஞாயிறு 4ஆம் தேதி, எட்டு மணிப் பூசை. "ரெண்டு மூணு வார்த்தை போதும்னு சொல்லிடு. அதுக்கு மேல போனா நான் மணி அடிச்சிடுவேன்" என்றார். அடிப்பார்.

உங்கள் ஏணிக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு அப்பா வாங்கிப் படித்தார். தராசு தொங்குகிற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த ஆளுக்கு விஷயம் தெரியுதே" என்றார். மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டார். சாயங்காலம் வந்து சொன்னார்: "உன் வக்கீலுக்கு ஒண்ணு எழுது. தராசு முள்ளு ஆடும்போது எழுதினா தப்பு. அதுக்காக நின்ன பிறகும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா தட்டுல தூசி விழும், அதையும் சேத்துத் தங்கம்னு எழுதுவான். நின்னுச்சா, எழுது, பெட்டிய மூடு. இந்த ஆளு மூட மாட்டேங்கிறாரு." அன்றைக்குச் சாப்பிட்டார்.

என் வேலையைப் பற்றி அவர் உங்களிடம் பேசியது என்னைக் கேட்டு அல்ல. அதை அவரிடமே சொன்னேன். "எல்லாப் பொண்ணுங்களும் விடுறதுதானேன்னு நெனச்சேன்" என்றார். நீங்கள் சுவாமியாருக்கு எழுதாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வந்திருக்காது. அது உங்கள் தட்டில்.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. முதலில் வாருங்கள். சனிக்கிழமை ரயில், பௌரிங்பேட்டையில் மாற வேண்டும், தூங்கிவிடாதீர்கள்.

அல்போன்சா

பி.கு. இரண்டு வருஷம் காத்திருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி மட்டும் கனமாக இல்லை.


பிரேசர் டவுன்
3 பிப்ரவரி 1934

அல்போன்சா,

இக்கடிதமும் நானும் ஒரே ரயிலில் வருகிறோம். நான் முந்திவிடுவேன். எனவே இது பயனற்றது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சபையில் சொல்ல வேண்டியதை ஒன்பது முறை எழுதிவிட்டேன். முதல் பிரதி இருநூறு சொல். வெங்கடராமனிடம் வாசித்துக் காட்டினேன். அவர், "ஜட்ஜ்மெண்ட் நல்லா இருக்கு சார், யார் ஜெயிச்சாங்க?" என்றார். ஒன்பதாவது பிரதியில் நாற்பது சொல். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறேன்; எடுக்கக்கூடியது எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. பதினொரு வருஷமாக நீதிபதிகள் முன் நிற்கிறேன், இப்படி இருந்ததில்லை. அங்கே தோற்றால் அப்பீல் உண்டு.

நான்கு மணி ஆகிறது. புதுச் சட்டையைப் பையில் வைத்துவிட்டேன். வெங்கடராமன் ஸ்டேஷனுக்குக் கூட வருகிறார்; நான் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

ஞானசேகரன்


கோலார் தங்கவயல்
5 பிப்ரவரி 1934, திங்கள்

ஞானசேகரன் அவர்களுக்கு,

நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள். அப்பா காப்பி குடிக்கக் கூப்பிட்டும் வரவில்லை. "பதில் வரும்வரை உங்கள் வீட்டுப் படி ஏறுவது முறையல்ல" என்று சொன்னீர்களாம். மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலுக்கு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாக மௌரீன் அக்காவின் வீட்டுக்காரர் வந்து சொன்னார். "எடைக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த உங்கள் ஏணிக் கடிதம் ஊர் முழுக்கப் போயிருக்கிறது, அப்பா வேலை.

முன் வரிசையில் இருந்த உங்களுக்குப் பின்னால் நடந்தது தெரிந்திருக்காது. ஆகவே எழுதுகிறேன். சுவாமியார் உங்களை அழைத்ததும் நீங்கள் எழுந்தீர்கள். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தீர்கள். சபை மொத்தமும் உட்கார வசதி பண்ணிக்கொண்டது. ஒரு கிழவர் கால் நீட்டினார். சுவாமியார் மணியின் மேல் கையை வைத்தார். நீங்கள் காகிதத்தைப் பிரித்தீர்கள், பார்த்தீர்கள், மடித்து மறுபடி பையில் வைத்தீர்கள்.

"தப்பு என்னுது. மொதல்ல அவங்களத்தான் கேட்டிருக்கணும். தடைய எடுத்துக்குறேன்."

எனக்கு அப்பா, அம்மா, ஊர் எல்லாரும் மறந்துபோனார்கள். சுவாமியார் மணியில் கையை வைத்தபடியே நின்றார், இன்னும் வரும் என்று. வரவில்லை. மௌரீன் அக்கா என் விலாவில் இடித்து, "முடிஞ்சுதாடி? அவ்ளோதானா?" என்றார். அவருக்கு ஏமாற்றம். பிறகு சுவாமியார் ஓலையை வாசித்தார். என் பேர், உங்கள் பேர், இரண்டு பேருடைய ஊர். விக்கினம் தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அந்தக் குழந்தைகூட.

இன்று காலை பத்து மணிக்கு மதரைப் போய்ப் பார்த்தேன். திருச்சிராப்பள்ளிக்கு வரவில்லை என்று சொன்னேன். "கல்யாணத்துக்காகவா?" என்றார். "ஜூன் மாதம் பெங்களூரில் வேறு பள்ளிக்கூடம் இருக்கிறது, மதர்" என்றேன். நற்சான்று எழுதித் தருகிறேன் என்றார். என் முடிவை உங்களிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களைப் போலவே ஆகிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் முதலில் சுவாமியாரிடம் கேட்ட என் மனம் கீழே. உங்களுக்குப் புரியும் பாஷையில்:

கோலார் தங்கவயல் சில்வெஸ்டர் அவர்களின் மூத்த மகளாகிய அல்போன்சா என்னும் நான், பூரண சுயநினைவுடனும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும், மேற்படி ஞானசேகரன் என்பவரை, அவருடைய எடை முழுவதும் அறிந்தே, விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமையாகிய பிப்ரவரி 12ஆம் தேதி மணந்துகொள்ளச் சம்மதிக்கிறேன். மேற்படி மணப்பெண் தன் ஆசிரியை வேலையைத் தொடர்ந்து பார்ப்பாள். வீட்டில் அவளைப் பாதிக்கும் எந்தக் காரியத்தையும் மேற்படியார் முதலில் அவளிடமே கேட்பார். அவர் யோசிக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். முள் நின்ற பிறகு பெட்டியை மூடிவிட வேண்டும்.

இதற்கு உங்கள் பதில் எழுத்தில் தேவை. தபால் கார்டில். தபால்காரர், வெங்கடராமன், மௌரீன் அக்கா எல்லாரும் படிக்கும்படி. ஒரு சொல்லுக்கு மேல் போனால் செல்லாது.

அல்போன்சா


தபால் கார்டு
பெங்களூர் கண்டோன்மெண்ட், 6 பிப்ரவரி 1934

சம்மதம்.